பிளஸ் டூ மாணவியின் பள்ளி வேலைகளை ஒரே தாளில் ஒழுங்குபடுத்துவது எப்படி?

கேள்வி இது: மகள் பிளஸ் டூ, மாநிலப் பாடத்திட்டம், பயோ-மேத்ஸ் குரூப். பள்ளி, டியூஷன், நீட் வகுப்பு என மூன்று பக்கமிருந்தும் வேலை வருகிறது. செய்முறைச் சோதனைகளை எழுதி ஒப்படைக்கும் ரெக்கார்டு நோட்டு எப்போதும் பாக்கி. தேர்வு இருப்பது முந்தின இரவுதான் தெரிகிறது. வீட்டில் ஓர் ஆண்ட்ராய்டு போன், ஒரு பழைய லேப்டாப். காசு கட்டாமல் இணையத்தில் எந்தக் கருவியை எப்படி அமைத்துக் கொடுக்கலாம்?

கூகுள் ஷீட்ஸ் என்ற இலவச அட்டவணைக் கருவி போதும். அதோடு கூகுள் கேலண்டரைக் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹோம்வொர்க் பிளானர் என்ற பெயரில் கிடைக்கும் பெரும்பாலான செயலிகள், ஒரு வேலைக்கு ஒரு கெடு தேதி, அது வந்ததும் மணி அடிப்பது என்ற கணக்கில் செய்யப்பட்டவை. நம் பிளஸ் டூ பிள்ளைகளின் வேலை அப்படி வருவதில்லை. ஆய்வகத்தில் அளவுகளைக் குறித்துக்கொள்ளும் அப்சர்வேஷன் நோட்டில் ஆசிரியரின் கையெழுத்து வாங்காமல் ரெக்கார்டு எழுத முடியாது. ரெக்கார்டு எழுதி முடித்தாலும் இன்னொரு கையெழுத்து பாக்கி இருக்கும். ஒரே வெள்ளிக்கிழமையில் பள்ளித் தேர்வும் டியூஷன் தேர்வும் மோதும். இந்த நெளிவு சுளிவுக்கெல்லாம் ஏற்றபடி வளைத்துக்கொள்ள, வெறும் கட்டங்களாக இருக்கும் ஷீட்ஸ்தான் வசதி.

எந்தக் கருவி என்பதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு தேதி வேண்டும்: ஒப்படைக்கும் நாள், செய்யும் நாள். பிள்ளைகள் முதல் தேதியை மட்டும்தான் குறித்துவைக்கிறார்கள். 'வெள்ளிக்கிழமை இயற்பியல் டெஸ்ட்' என்று டைரியில் எழுதியாகிவிட்டது. ஆனால் திங்கள், செவ்வாய், புதன் ஆகிய நாள்களில் டைரியைத் திறந்தால் அன்றைக்குச் செய்ய எதுவும் இல்லை. வியாழன் இரவு மொத்தமும் வந்து விழுகிறது. இது சோம்பேறித்தனம் இல்லை. குறிப்பு எழுதும் முறையில் உள்ள ஓட்டை. கீழே சொல்லப்போவது எல்லாமே இந்த இரண்டாவது தேதியைச் சுற்றித்தான்.

தாளை அமைப்பது

முதல் தடவை லேப்டாப்பில் செய்யுங்கள். கூகுள் கணக்கு மகளுடையதாக இருக்கட்டும், உங்களுடையதாக வேண்டாம். புதிய ஷீட் திறந்ததும், எதையும் தட்டுவதற்கு முன் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லொகேல் என்ற இடத்தில், அதாவது எந்த நாட்டு முறையில் தேதி எழுதுவது என்று சொல்லும் இடத்தில், இந்தியா இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கின் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் அங்கே அமெரிக்காதான் இருக்கும். அப்போது 05/08 என்று நீங்கள் தட்டுகிற ஆகஸ்ட் 5, மே 8 ஆகப் பதிவாகும். 13/08 என்று தட்டினால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் ஷீட்ஸ் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். அப்புறம் வரிசைப்படுத்தினாலும் வண்ணம் வைத்தாலும் வேலை செய்யாது. அடையாளம் எளிது: தேதியாக ஏற்கப்பட்டது கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்தாக ஏற்கப்பட்டது இடது ஓரத்தில் நிற்கும். பின்னால் லொகேலை மாற்றினாலும் ஏற்கெனவே தப்பாகப் பதிவானவை தாமாகத் திருந்தாது. மறுபடி தட்ட வேண்டியதுதான். ஆகவே இதை முதலில் செய்யுங்கள்.

முதல் வரிசையில் ஏழு தலைப்புகள்: முடிந்தது, வேலை, பாடம், எங்கிருந்து, ஒப்படைக்கும் நாள், செய்யும் நாள், நிமிடம். ஏழுக்கு மேல் வேண்டாம். முன்னுரிமை, கடினம், மனநிலை, ஆசிரியர் பெயர் என்றெல்லாம் நெடுவரிசை சேர்க்கத் தோன்றும். ஒரு வேலையைப் பதிவு செய்ய அரை நிமிடத்துக்கு மேல் பிடித்தால் பத்து நாளில் அந்தத் தாள் கைவிடப்படும். களைத்துப்போய் வீடு வந்த பிள்ளைக்குப் பதினோரு கட்டத்தை நிரப்பப் பொறுமை இருக்காது.

'முடிந்தது' நெடுவரிசையில் இரண்டாம் வரிசையிலிருந்து 300 வரை தேர்ந்து, இன்சர்ட் மெனுவில் செக்பாக்ஸ் போடுங்கள். ஆயிரம் வரிசைக்கும் இழுத்துவிட வேண்டாம். டிக் செய்யாத செக்பாக்ஸுக்குள்ளும் ஒரு மதிப்பு இருக்கிறது, அதனால் தாளின் கடைசி வரிசை எது என்பதில் ஷீட்ஸுக்குக் குழப்பம் வரும். 'பாடம்', 'எங்கிருந்து' இரண்டுக்கும் டிராப்டவுன், அதாவது தட்டினால் திறந்து தேர்ந்தெடுக்கச் சொல்லும் பட்டியல், வையுங்கள். பாடத்தில் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். உயிரியல் என்று ஒன்றாக வைக்காதீர்கள். புத்தகமும் தனி, பெரும்பாலும் ஆசிரியரும் தனி. 'எங்கிருந்து' என்பதில் பள்ளி, டியூஷன், நீட், சொந்தம். டிராப்டவுன் எதற்கு என்றால், கையால் தட்டும்போது ஒரு நாள் இயற்பியல், ஒரு நாள் பிசிக்ஸ், ஒரு நாள் வெறும் பிசி என்று விழும். கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான், ஷீட்ஸுக்கு மூன்று வேறு பாடங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வண்ணம் டிராப்டவுன் அமைப்பிலேயே கொடுக்கலாம்.

இரண்டு தேதி நெடுவரிசைகளுக்கும் டேட்டா மெனுவில் உள்ள டேட்டா வேலிடேஷனில் 'செல்லுபடியாகும் தேதி' என்ற நிபந்தனை வைத்தால், கட்டத்தை இரண்டு முறை தட்டியதும் நாள்காட்டி திறக்கும். தேதியைத் தட்டச்சு செய்யவே வேண்டாம். நிமிடத்தில் எண் மட்டும் வர வேண்டும். '30 நிமிடம்' என்று எழுதினால் அது எழுத்தாகிவிடும், கூட்டலில் சேராது.

வியூ மெனுவில் ஃப்ரீஸ் போய் ஒரு வரிசையை நிறுத்திவையுங்கள். வரிசைப்படுத்தும்போது தலைப்பு வரிசையும் இடம் மாறி நடுவில் போய் உட்காராமல் இருக்க இது அவசியம்.

வண்ணத்துக்கு மூன்று விதிகள் போதும். ஃபார்மட் மெனுவில் கண்டிஷனல் ஃபார்மட்டிங். முதல் விதி, முடிந்த வேலை முழு வரிசையும் சாம்பல் நிறமாக மங்க வேண்டும். தாளின் இரண்டாம் வரிசை முதல் 300 வரை, ஏழு நெடுவரிசையும் தேர்ந்து, கஸ்டம் ஃபார்முலா என்ற நிபந்தனையில் சமக்குறி, டாலர் குறி, ஆங்கில எழுத்து ஏ, எண் 2 ஆகிய நான்கையும் இடைவெளி விடாமல் அடியுங்கள். அந்த டாலர் குறி விட்டுப்போனால் முழு வரிசையும் ஒன்றாக மங்காது. ஏனென்றால் ஒவ்வொரு நெடுவரிசையும் தன் கட்டத்தையே பார்க்கும். டாலர் குறி இருந்தால் எல்லாமே முதல் நெடுவரிசையைப் பார்க்கும். இன்னொரு வழக்கமான தவறு: தேர்ந்த பகுதி முதல் வரிசையில் தொடங்கி, ஃபார்முலாவில் 2 இருப்பது. அப்போது நீங்கள் டிக் செய்த வேலைக்கு மேல் உள்ள வரிசை மங்கும்.

இரண்டாவது விதி, 'ஒப்படைக்கும் நாள்' நெடுவரிசைக்கு மட்டும்: தேதி நாளைக்கு முன்னால் என்றால் சிவப்பு. அதாவது இன்று கொடுக்க வேண்டியதும் தவறிப்போனதும் சிவக்கும். மூன்றாவது, 'செய்யும் நாள்' நெடுவரிசைக்கு: தேதி இன்று என்றால் மஞ்சள். இவை இரண்டுக்கும் ஃபார்முலா தேவையில்லை, ஷீட்ஸ் தரும் நிபந்தனைப் பட்டியலிலேயே இன்று, நாளை என்ற தேர்வுகள் இருக்கின்றன. சாம்பல் விதி பட்டியலில் மேலே இருக்க வேண்டும். இரண்டு விதிகள் மோதினால் மேலே உள்ளதுதான் செல்லும். அது கீழே போய்விட்டால் முடித்த வேலைகளும் சிவப்பாகவே நிற்கும். செய்து முடித்த பிறகும் தாள் திட்டுவதைப் போலிருந்தால் எந்தப் பிள்ளைக்கும் அதைத் திறக்க மனம் வராது.

ஒரு தேர்வை எப்படி உடைத்து எழுதுவது

வெள்ளிக்கிழமை இயற்பியல் நான்காம் அலகு, மின்காந்தத் தூண்டலும் மாறுதிசை மின்னோட்டமும், தேர்வு என்று வைத்துக்கொள்வோம். 'இயற்பியல் டெஸ்ட் படிக்க' என்று ஒரே வரியாக எழுதினால் அது வேலை இல்லை, கவலை. உட்கார்ந்ததும் எதைத் தொடுவது என்று தெரியாது. இப்படி நான்கு வரியாக எழுதச் சொல்லுங்கள்: புத்தகப் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்கள் எல்லாம் போட்டுப் பார்க்க, 20 நிமிடம், திங்கள். ஐந்து மதிப்பெண் வருவித்தல்கள் மூன்றைப் பார்க்காமல் எழுத, 50 நிமிடம், செவ்வாய். கணக்குகள், 40 நிமிடம், புதன். இரண்டு, மூன்று மதிப்பெண் வினாக்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க, 30 நிமிடம், வியாழன். நான்குக்கும் ஒப்படைக்கும் நாள் வெள்ளிதான், செய்யும் நாள்தான் வேறு.

இந்த உடைப்பு வினாத்தாளின் அமைப்பிலிருந்தே வருகிறது. இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். அதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15, இரண்டு மதிப்பெண்ணில் 6, மூன்று மதிப்பெண்ணில் 6, ஐந்து மதிப்பெண்ணில் 5 எழுத வேண்டும். கணிதத்தில் 90, ஒரு மதிப்பெண் 20, பிறகு இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண்களில் ஏழேழு. ஒவ்வொரு பகுதிக்கும் தயாரிப்பு வேறு மாதிரி. ஒரு மதிப்பெண்ணுக்கு வேகமாகப் பல தடவை பார்க்க வேண்டும், ஐந்து மதிப்பெண்ணுக்குக் கையால் எழுதிப் பார்க்க வேண்டும். 'படிக்க' என்ற ஒரே சொல் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. 'வேலை' கட்டத்தில் எழுதுவது முடிந்ததா இல்லையா என்று சந்தேகமில்லாமல் டிக் செய்யக் கூடியதாக இருக்க வேண்டும். 'வேதியியல் ரெக்கார்டு' அப்படிப்பட்டதல்ல. 'பருமனறி பகுப்பாய்வு முதல் சோதனை, ரெக்கார்டில் அட்டவணையோடு எழுதி முடிக்க' அப்படிப்பட்டது.

இனி நிமிடம். இதைத்தான் பலரும் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள், உண்மையில் தாளின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பள்ளி விட்டு ஐந்துக்கு வீடு, ஆறிலிருந்து எட்டு வரை டியூஷன், சாப்பாடு, எட்டரையிலிருந்து பத்து. ஆக வேலைநாளில் கையில் இருப்பது 90 நிமிடம். அதில் 75-ஐ மட்டும் திட்டமிடுங்கள். மீதி 15 கரண்ட் போனதற்கு, விருந்தாளி வந்ததற்கு, டியூஷன் அரை மணி நீண்டதற்கு. செவ்வாய்க்கிழமைக்கு என்று குறித்த வேலைகளின் நிமிடக் கட்டங்களை இழுத்துத் தேர்ந்தால் கூட்டுத்தொகை திரையின் கீழ் ஓரத்தில் தெரியும். அது 140 என்று காட்டினால் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது, செவ்வாய் நடக்காது என்று. ஏதாவது ஒன்றை சனிக்குத் தள்ளலாம், அல்லது டியூஷன் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லலாம். செவ்வாய் இரவு பதினொன்றரைக்கு இது தெரிந்தால் தூக்கத்தில்தான் கைவைக்க வேண்டி வரும்.

முதல் சில வாரங்கள் நிமிடக் கணிப்பு தப்பாகத்தான் இருக்கும். ரெக்கார்டு எழுதுவதற்குப் பிள்ளைகள் போடும் கணக்கு பெரும்பாலும் பாதிதான். படம் வரைந்து பெயர் குறிப்பதையும், அட்டவணைக்குக் கோடு போடுவதையும் மறந்துவிடுகிறார்கள். கணிப்பைத் திருத்துவதற்காக 'உண்மையில் ஆன நேரம்' என்று எட்டாவது நெடுவரிசை வைக்க வேண்டாம். இரண்டு மடங்கு ஆகிறது என்று தெரிந்ததும் அடுத்த ரெக்கார்டுக்கு இரண்டு மடங்கு எழுதினால் போதும்.

ரெக்கார்டுக்கும் பாடத்துக்கும் தனித் தாள்கள்

அதே கோப்பில் கீழே கூட்டல் குறியை அழுத்தி இரண்டு தாள்கள் சேருங்கள்.

முதலாவது ரெக்கார்டு. வரிசைக்கு ஒரு சோதனை. நெடுவரிசையில் நான்கு செக்பாக்ஸ்: ஆய்வகத்தில் செய்தது, அப்சர்வேஷனில் கையெழுத்து, ரெக்கார்டில் எழுதியது, ரெக்கார்டில் கையெழுத்து. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று மேலிருந்து கீழாக ஒரே தாளில். இப்படிப் போட்டதும் ஒன்று தெரியவரும்: பாக்கி என்று நினைத்ததில் பாதிக்கு மேல் எழுதாததால் அல்ல, கையெழுத்து வாங்காததால் நிற்கிறது. அது வீட்டில் 50 நிமிட வேலை இல்லை, பள்ளியில் இடைவேளையில் ஐந்து நிமிட வேலை. எந்த ஆசிரியரிடம் எந்தெந்தச் சோதனைக்கு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துப்போனால் ஒரே தடவையில் மூன்று நான்கு முடியும். அன்றைக்கு ஆய்வகத்துக்கு வராமல் விட்ட சோதனை எது என்பதும் முதல் நெடுவரிசையில் காலியாகக் கண்ணில் படும். செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் அதைக் கண்டுபிடிப்பதைவிட ஆகஸ்டில் கண்டுபிடிப்பது நல்லது. அறிவியல் பாடங்களில் 70 எழுத்துத் தேர்வு போக 20 செய்முறைக்கும் 10 அகமதிப்பீட்டுக்கும் போகிறது. இந்த மதிப்பெண்ணில் ஒரு பங்கு நான்கு நோட்டுகளும் ஒழுங்காக இருப்பதைப் பொறுத்து நிற்கிறது.

இரண்டாவது பாடத் தாள். கணிதத்தில் 12 அத்தியாயம், இயற்பியலில் 11 அலகு, வேதியியலில் 15 அலகு. மற்றப் பாடங்களையும் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நெடுவரிசைகள்: பள்ளியில் நடத்தியது, பின்பக்க வினா முடித்தது, முதல் திருப்புதல், தேர்வு எழுதிய மதிப்பெண். கடைசி நெடுவரிசையில் மதிப்பெண்ணை எண்ணாகவே எழுதட்டும். கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் கலர் ஸ்கேல் போட்டால் எந்த அலகு பலவீனம் என்று தானாக நிறம் காட்டும். இந்தத் தாளைத் தினமும் தொட வேண்டாம். காலாண்டு, அரையாண்டு, ஜனவரி, பிப்ரவரித் திருப்புதல் தேர்வுகளுக்கு முன்னால் எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய மட்டும்.

வேலை தாளுக்குள் வரும் வழி

பள்ளியில் போன் கிடையாது, அதனால் வேலை பிறக்கும் இடத்தில் ஷீட்ஸ் இருக்காது. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்து, மாலையில் தாளில் ஏற்றிவிட்டு அந்தப் பக்கத்தில் குறுக்குக் கோடு போட வேண்டும். குறுக்குக் கோடு இல்லாத வரி இன்னும் ஏறவில்லை என்று பொருள்.

வாட்ஸ்ஆப் குழுக்கள் பெரிய தொல்லை. 'ஓகே மேம்', 'நன்றி சார்' என்று அறுபது பதில்களுக்கு நடுவில் ஒரு புகைப்படத்தில் மூன்று ஒப்படைவுகள் இருக்கும். குழுவை நாள் முழுக்கப் பார்க்காமல், இரவு எட்டரைக்கு ஒரு முறை மட்டும் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து கீழ்வரை படித்து, வேலை என்று இருப்பதை மட்டும் தாளில் ஏற்றட்டும். செய்தியை ஸ்டார் போட்டுவைப்பது போதாது. ஸ்டார் போட்ட பட்டியலில் தேதி வரிசை கிடையாது, யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. போனில் தமிழ் தட்டுவது சிரமமாக இருந்தால் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து மைக்கை அழுத்திச் சொன்னால் கட்டத்துக்குள் எழுத்தாக விழும். பாடச் சொற்களில் பிழை வரும், அதனால் ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும்.

ஷீட்ஸ் செயலியில் இந்தக் கோப்பின் மூன்று புள்ளி மெனுவில் ஆஃப்லைன் வசதியைப் போட்டுவையுங்கள். டேட்டா தீர்ந்த நாளிலும் திறக்கும், இணையம் வந்ததும் சேர்ந்துகொள்ளும்.

தினமும் பார்க்க வேண்டியது இன்றைய வேலைகளை மட்டும். அதற்கு டேட்டா மெனுவில் ஃபில்டர் வியூ ஒன்று செய்து 'இன்று' என்று பெயர் வையுங்கள். 'செய்யும் நாள்' நாளைக்கு முன்னால், 'முடிந்தது' டிக் ஆகாதது என்று இரண்டு நிபந்தனை. ஒரு விஷயம் கவனிக்க: ஷீட்ஸில் வடிகட்டி தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. டிக் செய்ததும் அந்த வரி மறையவில்லையே என்று பயப்பட வேண்டாம்; வடிகட்டியை மறுபடி திறந்து ஓகே கொடுத்தால் மறையும்.

இன்னொன்று மிகவும் முக்கியம். தேதிப்படி வரிசைப்படுத்தும்போது தேதி நெடுவரிசையை மட்டும் தேர்ந்துகொண்டு 'சார்ட் ரேஞ்ச்' கொடுத்துவிடக் கூடாது. தேதிகள் மட்டும் இடம் மாறும், வேலைகள் பழைய இடத்திலேயே நிற்கும். தாள் முழுக்கத் தப்பாகிவிடும், பார்த்தவுடன் தெரியவும் தெரியாது. எப்போதும் 'சார்ட் ஷீட்' கொடுங்கள். தவறிப்போய் அப்படி நடந்துவிட்டால் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி திறந்து, சரியாக இருந்த நேரத்தைத் தேர்ந்து மீட்டுவிடலாம்.

கேலண்டரில் எதை வைப்பது

தேர்வு நாள்கள், செய்முறைத் தேர்வு, பெரிய ஒப்படைவுகள், கட்டணக் கெடு. அவ்வளவுதான். ஷீட்ஸில் இருக்கும் அத்தனையையும் கேலண்டரிலும் எழுதினால் இரண்டிலும் திருத்த வேண்டி வரும், ஒரு வாரத்தில் இரண்டும் வேறு வேறு சொல்லும். பள்ளி என்று தனிக் கேலண்டர் ஒன்று உண்டாக்கி, அதன் அமைப்பில் முழுநாள் நிகழ்வுகளுக்கு ஏழு நாள், இரண்டு நாள், ஒரு நாள் முன்னால் மாலை ஐந்தரைக்கு நினைவூட்டல் வைத்துவிட்டால் ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டாம். ஏழு நாள் முன்னால் அடிக்கும் நினைவூட்டல் படிக்க அல்ல. அந்தத் தேர்வை நான்கு வரியாக உடைத்து ஷீட்ஸில் ஏற்ற.

அந்தக் கேலண்டரை உங்களோடு பகிர்வதை லேப்டாப் உலாவியில் செய்யுங்கள். பகிர்ந்த கேலண்டரின் நினைவூட்டல்கள் ஒவ்வொருவருக்கும் தனி. மகள் வைத்தது உங்கள் போனில் அடிக்காது, நீங்கள் உங்கள் கணக்கில் வைக்க வேண்டும். சில ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேமிப்பு அமைப்பு, திறக்காத செயலிகளை உறங்கவைத்துவிடும். நினைவூட்டல் வராமலே போகும். கேலண்டர் செயலியின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, ஐந்து நிமிடத்தில் நினைவூட்டும்படி ஒரு சோதனை நிகழ்வு வைத்து அடிக்கிறதா என்று பாருங்கள்.

திருத்திய விடைத்தாள்களையும் டியூஷன் தாள்களையும் கூகுள் டிரைவ் செயலியின் ஸ்கேன் வசதியால் பிடிஎஃப் ஆக்கிப் பாடவாரியாகக் கோப்புறையில் போடலாம். பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: '2025-08-08 இயற்பியல் அலகு 4 டெஸ்ட்'. அப்போதுதான் கோப்புகள் தாமாகக் கால வரிசையில் நிற்கும். இலவச இடம் 15 ஜிபி, அது ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து. குடும்பப் படங்கள் அதே கணக்கில் பேக்கப் ஆகிக்கொண்டிருந்தால் சீக்கிரம் நிரம்பி, மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். விண்ணப்பம் போடும் மாதங்களில் அது பெரிய சங்கடம். கணக்கு அவளுடையதாக இருக்கட்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பகிர்வு அமைப்பு 'ரெஸ்ட்ரிக்டட்' என்றே இருக்கட்டும். இணைப்பு வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்று மாற்றாதீர்கள். எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் எண்), ஆதார் எண், கடவுச்சொற்கள் எதையும் இந்தத் தாளில் எழுத வேண்டாம்.

உங்களுக்குக் கமென்டர் அனுமதி போதும், எடிட்டர் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். பெற்றோர் வேலைகளை ஏற்றத் தொடங்கினால் அது பெற்றோரின் தாள் ஆகிவிடும். பிள்ளை அதில் தனக்கு வந்த உத்தரவுகளைத்தான் பார்ப்பாள். அவள் கையால் எழுதிய வரிக்கும் நீங்கள் எழுதிய வரிக்கும் அவள் மனதில் ஒரே எடை கிடையாது. ஞாயிறு மாலை இருபது நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். வரும் வாரத்தின் தேர்வுகளைக் கேலண்டரில் பார்த்து, உடைத்து, செய்யும் நாள் போட்டு, ஒவ்வொரு நாளின் நிமிடக் கூட்டலையும் அவளே பார்க்கட்டும். முடிந்த வரிகளை வெட்டி 'முடிந்தவை' என்ற தனித் தாளில் ஒட்டட்டும். அழிக்க வேண்டாம், அரையாண்டு நேரத்தில் எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினோம் என்று பார்க்க உதவும். மற்ற நாள்களில் 'இன்னைக்கு மஞ்சள் எத்தனை?' என்ற ஒரு கேள்வி போதும்.

வேலைகளைக் குறித்துவைக்க உதவும் வேறு செயலிகளான ட்ரெல்லோ, நோஷன், கூகுள் கீப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து செய்யும் கண்காட்சி வேலைக்கு ட்ரெல்லோ நல்லது. யார் கையில் எந்த அட்டை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், இலவசத் திட்டமே போதும். நோஷனில் எதையும் செய்யலாம், அதுதான் பிளஸ் டூ ஆண்டில் அதன் ஆபத்து: ஐகான், அட்டைப்படம், டெம்ப்ளேட் என்று இரண்டு மாலைகள் போய்விடும், வேலை ஒன்றுகூடக் குறையாது. கல்லூரிக்குப் போன பிறகு முயன்று பார்க்கட்டும். கீப், எடுத்துப்போக வேண்டிய பொருள்களின் பட்டியலுக்கு ஏற்றது, தேதி சார்ந்த வேலைக்கு அல்ல. ஷீட்ஸையும் முதல் இரண்டு வாரம் மாற்றாமல் ஓட்டுங்கள். அதற்குப் பிறகு ஒரு நெடுவரிசை காலியாகவே கிடந்தால் தூக்கிவிடுங்கள். ஏதாவது இல்லையே என்று மூன்று முறையாவது தோன்றியிருந்தால் அதை மட்டும் சேருங்கள்.

காய்ச்சல், ஊர்த் திருவிழா, தொடர்ந்து வந்த தேர்வுகள் என்று ஏதோ காரணத்தால் பத்து நாள் தாளைத் திறக்காமல் விட்டுப்போகும். எல்லோருக்கும் நடக்கும். திறந்ததும் நாற்பது சிவப்பு வரிகள் இருக்கும், அதைப் பார்த்ததும் மூடிவிடத் தோன்றும். அப்போது ஒவ்வொன்றாகத் திருத்த உட்காராதீர்கள். முடிக்காத எல்லா வரிகளையும் மொத்தமாக வெட்டி 'பாக்கி' என்ற புதுத் தாளில் ஒட்டிவிடுங்கள். முதல் தாள் காலி. வாட்ஸ்ஆப் குழுவையும் ரஃப் நோட்டையும் பார்த்து, அடுத்த மூன்று நாளில் ஒப்படைக்க வேண்டியதை மட்டும் புதிதாக ஏற்றுங்கள். 'பாக்கி' தாளை அடுத்த ஞாயிறு திறந்து, எதற்கெல்லாம் இனி யாரும் கேட்கப்போவதில்லையோ அவற்றை நீக்கிவிட்டு, ரெக்கார்டும் அகமதிப்பீட்டு ஒப்படைவுகளும் மட்டும் திரும்ப முதல் தாளுக்கு வரட்டும், நாளுக்கு ஒன்றுக்கு மேல் இல்லாமல்.